காகத்துக்குப் பின், நண்பகலுக்கு முன்

புத்த பிக்குகளின் மழைக்காலம் எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத மாதங்களில் வருகிறது. ஜூலையில் வரும் எசல பூரணைக்கு மறுநாளிலிருந்து மூன்று மாதம் அவர்கள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்க வேண்டும். அதை வஸ் காலம் என்பார்கள். மழையில் நடந்தால் முளைத்த பயிரும் சிறு உயிர்களும் காலில் மிதிபடும் என்பதற்காக வட இந்தியாவில் ஏற்பட்ட வழக்கம் அது. திகதியும் அந்த நாட்டு மழைக்குப் பொருந்திய திகதிதான். வன்னியில் அந்த மாதங்களில் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசும், குளத்தின் நடுவில் மாடு மேயும். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துப் பதிந்துவைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். வஸ் காலத்தில் அதற்குள் பல்லி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும்.

நாங்கள் இருப்பது வவுனியா மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு குளத்தின் கீழ்க் குடியேறிய ஊரில். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து நெல் விதைக்க வந்த குடும்பங்கள். குளக்கட்டு முடியும் இடத்தில் சிறு காடு, காட்டைத் தாண்டினால் சிங்களக் கிராமம். அந்தக் கிராமத்து ஆட்கள் காட்டோரத்தில் தகரம் போட்ட ஓர் அறை கட்டி, வஸ் காலத்துக்கு ஒரு பிக்குவை அழைத்து வந்திருந்தார்கள். அவர் வந்த முதற்கிழமையே பக்கத்து வீட்டு அக்கா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. விறகுக்குப் போன இடத்தில் கண்டதைச் சொல்ல வந்தவ.

"மாஸ்டர், ஒருக்காப் போய்ப் பாருங்கோ. சாது தடி நட்டுக் கயிறு பிடிக்குது. அளக்கத் துவங்கிட்டினம்."

நான் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. ரயில்வேயில் உதவி நிலைய அதிபராக இருந்து, கடைசிக் காலத்தை மாங்குளத்தில் முடித்து ஓய்வு பெற்றவன். எத்தனை தரம் திருத்தியும் ஊரில் அந்தப் பெயர் மாறவில்லை. அக்காவின் பயத்தையும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. எங்கள் பகுதியில் காவியுடையும் அளவுக் கயிறும் ஒன்றாகத் தென்பட்டால் அடுத்ததாக ‘விகாரைக் காணி’ என்று ஒரு பெயர்ப்பலகை வரும் என்று நினைப்பது வீண் சந்தேகம் அல்ல. அப்படி வந்த இடங்கள் உண்டு. அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டால் போனேன்.

அறைக்கு முன்னால் கூட்டித் துப்புரவாக்கிய மண் முற்றம். நடுவில் முழங்கை உயரத்தில் ஒரு தடி. தடியின் அடியிலிருந்து வடக்குத் தெற்காக ஒரு கயிறு, இரண்டு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. என் வயதொத்த ஒரு பிக்கு மரநிழலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ ஐயா. காணி அளக்கிறன் எண்டு சொன்னவையோ?" சுத்தமான வன்னித் தமிழில் கேட்டார்.

நான் மறுக்கவில்லை. "ஓம், அப்பிடித்தான் ஒரு கதை."

"வெயிலைத்தான் அளக்கிறன்" என்று சிரித்தார். "கயிறை இழுத்து மூண்டு நாள். இன்னும் சரி வரேல்லை. நீங்கள் படிச்ச ஆள் போல. வடக்கு எது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. பௌத்தத்தைப் பற்றி நான் பல புத்தகங்கள் படித்திருந்தேன். தமிழிலும் ஒரு காலத்தில் பௌத்தம் செழித்திருந்தது, காவியம் எழுதும் அளவுக்கு வேர்விட்டிருந்தது என்பதும் தெரியும். ஆனால் ஒரு பிக்கு பகலில் எதைச் சாப்பிடுகிறார், எப்போது சாப்பிடுகிறார், ஏன் ஒரு தடியை நடுகிறார் என்று அருகிலிருந்து பார்த்ததில்லை.

பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு திடமான உணவு உண்ணக் கூடாது. மறுநாள் விடியும்வரை தண்ணீர், வடித்த பழச்சாறு, தேசிக்காய்த் தண்ணீர் போன்றவைதான். இவர் அதற்கு மேலேயும் ஒரு கட்டுப்பாட்டைத் தானாக எடுத்திருந்தார். நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. அந்த ஒரு வேளை தவறினால் அடுத்தது மறுநாள். எனவே நண்பகல் எது என்பது அவருக்கு அவசியமான கேள்வி. மணிக்கூட்டில் பன்னிரண்டு அடித்தால் நண்பகல் என்று வைப்பவர்கள் அநேகர். இவருடைய குருவோ, சூரியன் உச்சிக்கு வந்து தடியின் நிழல் வடக்குத் தெற்குக் கோட்டில் விழும் நேரம்தான் நண்பகல் என்று சொல்லிக் கொடுத்தவராம்.

"அதுதான் சரி" என்று நான் சொன்னேன். இலங்கையின் நேரம் எங்கள் ஊருக்குக் கிழக்கே, கடலின் மேலாகச் செல்லும் ஒரு நெடுங்கோட்டை வைத்துக் கணக்கிட்டது. ஆடி மாதத்தில் எங்கள் முற்றத்தில் சூரியன் உச்சிக்கு வர மணிக்கூட்டில் பன்னிரண்டேகாலாகிவிடும். அதுவும் தலைக்கு நேரே அல்ல, கொஞ்சம் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். இதை அவருக்கு விளக்கியபோது அவர் வேறொன்றைச் சொன்னார்.

"மணிக்கூட்டை நம்பாத ஆக்கள் நாங்கள்தானே ஐயா. பழைய நேரம், புது நேரம் நினைவிருக்கோ?"

எப்படி மறக்கும்? தொண்ணூற்றாறாம் ஆண்டு அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மணிக்கூட்டை முன்னே தள்ளியது. ஓமந்தைக்கு வடக்கே, புலிகளின் பகுதியில், அதை ஏற்கவில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சித்திரையில் பழையபடி திருப்பும்வரை, ஒரே வீதியில் தெற்கே ஒரு நேரமும் வடக்கே அதைவிட அரை மணி பிந்திய நேரமும் இருந்தன. நான் வவுனியா ஸ்டேஷனில் புது நேரத்தில் வேலை செய்தேன். மாமா, அதாவது மனைவியின் தகப்பனார், மாங்குளத்துக்கு அருகே பழைய நேரத்தில் நெல் விதைத்துக் கமம் செய்தார். பாதை திறந்திருந்த காலத்தில் ஒருமுறை பத்து மணிக்கு ஓமந்தையில் சந்திப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தோம். நாங்கள் எங்கள் பத்துக்குப் போய் வெயிலில் காய்ந்தோம். மாமா தன்னுடைய பத்துக்குச் சரியாக வந்து, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, எங்களைப் பார்த்து, "ஏன் பிள்ளையள் இவ்வளவு வெள்ளன வந்தனீங்கள்? உங்கட பக்கத்துச் சூரியனுக்கு என்ன அவசரம்?" என்றார்.

அதைக் கேட்டதும் பிக்கு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். பிறகுதான் தன் பழைய தொழிலைச் சொன்னார். துறவு பூணுவதற்கு முன் பல வருடம் பஸ் ஓட்டியவராம். எல்லைக் கிராமத்தில் பிறந்து, பயணிகளின் வாயிலிருந்து தமிழ் படித்தவர். மனைவி இறந்து, பிள்ளைகள் ஆளாகிய பின் தலையை மழித்தவர்.

"நீங்கள் ரெயில்வே எண்டா உங்களுக்குப் பொறுமை இருக்கும்" என்றார். "நாங்கள் மணிக்கூட்டைத் துரத்தி ஓடினனாங்கள். நீங்கள் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். ரெயில் வந்தாத்தானே!"

"வந்த ரெயில் உங்கட பஸ் மாதிரி வயலுக்குள்ள இறங்கேல்லை சாமி" என்றேன் நான்.

கிழமையில் இரண்டு மூன்று நாள் பின்னேரத்தில் போய்வரத் தொடங்கினேன். பேச்செல்லாம் சிறு சிறு விஷயங்கள்தான். அவருடைய உடைமைகளை ஒருமுறை வெயிலில் காயவைத்திருந்தார்: மூன்று உடை, பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடுப்புப் பட்டி, தண்ணீர் வடிக்கும் துணி. அவ்வளவுதான். பிச்சைப் பாத்திரத்தோடு வீட்டு வாசலில் நின்றால் அவர் எதையும் கேட்கக் கூடாது. இருமி அழைக்கவும் கூடாது. கொடுப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று தூக்கிக் கொடுத்தால்தான் அது அவருடையது. கண் முன்னால் பானை நிறையச் சோறு இருந்தாலும் தானாக எடுத்து உண்ண முடியாது. பஸ் ஓட்டிய காலத்தில் மாங்குளச் சந்திக் கடையில் முதல் வடையைத் தானே தட்டிலிருந்து எடுத்துப் பழகியவருக்கு இதுதான் ஆகக் கஷ்டமாக இருந்ததாம்.

மூச்சைக் கவனிக்கும் தியானத்தை நானும் குளக்கட்டில் இருந்து செய்து பார்த்தேன். மூச்சை விட்டுவிட்டு மனம் எங்கெங்கோ போனது. முறையிட்டபோது, "ஸ்டேசனில என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"வந்த ரெயிலைப் பதிவன். போனதைப் பதிவன்."

"அதில ஏறிப் போனனீங்களோ?"

"இல்லை."

"அப்ப இதிலயும் ஏறாதேங்கோ."

நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளங்கும்படி சொன்னதில்லை. துக்கத்தைப் பற்றியும் அப்படித்தான். பசி ஒன்று, பசியைப் பற்றி மனம் சொல்லும் கதை இன்னொன்று. பசியைச் சோறு தீர்க்கும், கதையைச் சோறு தீர்க்காது என்றார்.

என் மனைவி ஒரேயொரு நாள்தான் என்னோடு அங்கே வந்தா. தேசிக்காய் கொடுக்க என்று சொல்லி வந்தவ, கொடுத்துவிட்டு நின்று, நேரே கேட்டா: "சாமி, ஒருநாள் மத்தியானம் பிந்திச் சாப்பிட்டா ஆர் பாக்கப்போகினம்? ஆரும் தண்டிக்கிறவையோ?"

"இது ஆரும் போட்ட கட்டளை இல்லை அம்மா" என்றார் அவர். "கொல்லாமல் இருக்கிறன், களவெடுக்காமல் இருக்கிறன் எண்டு எங்கட ஊர் ஆக்கள் பூரணையில சொல்லுறதும் கட்டளை இல்லை. பழகிப் பாக்கிறன் எண்டு அவையவையே எடுக்கிறது. நான் எடுத்ததை நான்தான் காக்கவேணும். உங்கட தலையில கொண்டுவந்து வைக்கக் கூடாது."

வீட்டுக்குத் திரும்பி வந்து குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மனைவி அதைக் கேட்டா.

"இஞ்சருங்கோ, ஆடி அமாவாசைக்கு அந்தச் சாமியைச் சாப்பிடக் கூப்பிடுவமோ?"

அவ இதைச் சொல்ல எவ்வளவு காலம் எடுத்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிந்த நேரம், மாமாவை முகாமிலிருந்து தெற்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அனுமதி எடுத்து நாங்கள் போய்ச் சேரும்போது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் கதை குறையவில்லை. ஒவ்வொரு நாளும் காவி உடுத்த ஒருவர் ஆட்களோடு வந்து, கட்டில் கட்டிலாகச் சோறு கொடுக்கிறார் என்றார். "என்ர பேர் கேக்கேல்லை, ஊர் கேக்கேல்லை. பருப்பில உறைப்புத்தான் காணாது" என்றார். அடுத்த கிழமை மாமா கண்ணை மூடிவிட்டார். அந்தக் காவியுடைக்காரர் யார், எந்த விகாரை என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாளாவது அப்படி ஒருவருக்கு அப்பாவின் பெயரில் சோறு போட வேண்டும் என்று மனைவி அன்றைக்கே சொன்னவ. அதன் பிறகு பலகைகள் வந்தன, கோபம் வந்தது, அந்தப் பேச்சு நின்றுபோனது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"கூப்பிடுவம்" என்றேன்.

ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களின் விரத நாள். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. மூத்த மகளான மனைவிதான் வருடந்தோறும் பிடிப்பா. விடியற்காலை முழுகி, மரக்கறி சமைத்து, தலைவாழை இலையில் அப்பாவுக்குப் படைத்து, அதிலிருந்து ஒரு பங்கைக் கூரையில் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் கொத்தினால் அப்பா ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவது. காத்தோட்டிக்காய் கறி கட்டாயம் வேண்டும். வேலியோரங்களில் முள்ளுக் கொடியில் காய்க்கும் சிறு காய், நல்ல கசப்பு. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அதைத் தேடுவோம்.

பிக்குவின் நேரத்தைப் பற்றி மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். வழக்கத்தில் எங்கள் விரதச் சாப்பாடு பின்னேரம் ஒன்றரை, இரண்டாகும். இந்த முறை பதினொன்றுக்கே முடிக்க வேண்டும் என்று பேசி, அதற்கேற்ற நேரத்தில் அடுப்பு மூட்டினோம். நான் காலையிலேயே எங்கள் முற்றத்திலும் ஒரு தடியை நட்டு, கயிறு கட்டி, வடக்கைச் சரிபார்த்தேன். வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன மாஸ்டர், நீங்களும் அளக்கத் துவங்கிட்டியளோ?" என்று கேட்டா.

எல்லாம் கணக்குப் போட்டபடி நடந்தது. பிக்கு காட்டு வழியாக, பாத்திரத்தைத் தோளில் தொங்கவிட்டு, பத்தரைக்குப் பின் வந்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளை வேட்டி விரித்த கதிரையில் இருந்தார். பதினொன்றுக்கு முன்பே மனைவி படைத்து, தேவாரம் பாடி, கற்பூரம் கொளுத்தி, காகத்தின் பங்கை வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தா.

"கா… கா… கா…"

காகம் வரவில்லை.

நான் தொழிலால் அட்டவணை போட்டவன். அரிசி வேகும் நேரம், காய் வெட்டும் நேரம், பிக்கு நடந்து வரும் நேரம், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் எல்லாவற்றையும் அட்டவணையில் போட்டிருந்தேன். காகத்துக்கு நேரம் போட மறந்துவிட்டேன். அன்றைக்கு ஊர் முழுதும் ஆடி அமாவாசை. எல்லா வீட்டுக் கூரையிலும் சோறு, வடை, பாயசம். எங்கள் ஊர்க் காகங்கள் விடியத் தொடங்கி வீடு வீடாக விருந்துண்டு, குளக்கரை மருத மரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தன. மற்ற வருடங்களில் நாங்கள் பிந்தி வைப்பதால், அவை பசித்துத் திரும்பும் நேரமும் எங்கள் நேரமும் ஒத்துப்போயிருக்கின்றன. அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

மனைவி கூப்பிட்டா. நான் கூப்பிட்டேன். வேலிக்கு அப்பாலிருந்து அக்காவும் கூப்பிட்டா. ஒரு காகம் வந்து மின்கம்பியில் இருந்து எங்களைப் பார்த்தது. மனைவி வடையைத் தூக்கிக் காட்டினா. அது அலகைக் கம்பியில் தேய்த்துவிட்டுப் பறந்துபோனது.

"எங்கட வீட்டில வயிறு முட்டத் திண்டது அதுதான்" என்றா அக்கா. "ஆளைத் தெரியுது."

உள்ளே மணிக்கூட்டில் பன்னிரண்டானது. மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கூரைக்குக் கீழே அப்படியே நின்றா. முகம் இறுகிப்போயிருந்தது.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டா.

"இல்லை, தடியின்ர நிழல் இன்னும் கயித்துக்கு வரேல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு" என்றேன். நிழல் கயிற்றுக்கு மேற்குப் பக்கமாக, இரண்டு விரல் தள்ளி நின்றது.

நான் உள்ளே போய்ப் பிக்குவிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, காற்றில் ஆடும் கதவுச் சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, என்ன செய்வம்?"

"நான் என்னத்தைச் சொல்ல ஐயா? தாங்கோ எண்டும் கேக்கக் கூடாது. அம்மாவை அவசரப்படுத்தவும் கூடாது. கனகராயன்குளத்தில டயர் வெடிச்சு, பஸ் நிறையச் சனத்தோட, ஒண்டும் திண்ணாமல் அடுத்த நாள் மட்டும் இருந்தனான். அண்டைக்குத்தான் எனக்கு நல்ல கோபம். இண்டைக்கு ஒரு கோபமும் இல்லை. காகம் தன்ர நேரத்துக்கு வரட்டும்."

அவர் அதை மனதாரச் சொன்னார் என்பது தெரிந்தது. அவருக்குப் பசியைப் பற்றிக் கவலையே இல்லை. கவலை முழுதும் முற்றத்தில் நின்றது.

வெளியே வந்து நான் மனைவியிடம் மெல்லச் சொன்னேன்: "நீர் சாமிக்குக் குடும். காகம் பிறகு வரும்."

"அப்பாவுக்கு முதல் நான் எப்பிடி இன்னொருத்தருக்கு வைக்கிறது? அவர் எடுக்காமல் இருக்க நான் பந்தி வைச்சா அது என்ன விரதம்?"

காகத்தின் வழக்கத்துக்கும் எனக்குக் காரணம் தெரியும், நண்பகலின் வழக்கத்துக்கும் காரணம் தெரியும். இரண்டையும் பற்றி வேண்டிய அளவு பேச முடியும். ஆனால் எது முந்த வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் தடிக்குப் பக்கத்தில் குந்தி நிழலைப் பார்த்தேன். ஒன்றரை விரல்.

மனைவி காகத்தின் இலையைக் கூரை ஓரத்தில் சரியாக வைத்து, பறக்காமல் ஒரு சிறு கல்லைப் பாரமாக வைத்தா. பிறகு என்னிடம் திரும்பினா.

"இஞ்சருங்கோ, விரதம் பிடிச்சது ஆர்?"

"நீர்தான்."

"அப்ப காகம் வருமட்டும் சாப்பிடாமல் இருக்க வேண்டியதும் நான்தானே? நான் எடுத்ததை அந்த மனிசன்ர தலையில ஏன் வைக்கிறன்?" சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. "ஆஸ்பத்திரியில அப்பாவுக்குச் சோறு குடுத்த ஆள், ஆர் முதல், ஆர் பிறகு எண்டு பாத்தவரோ? வாங்கோ, பருப்பைத் தூக்குங்கோ."

அதன் பிறகு ஓட்டம். அவ சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பிக்குவுக்கு முன்னால் போய் நின்று, கை எட்டும் தூரத்தில், இரண்டு கையாலும் பாத்திரத்துக்குள் சோறு வைத்தா. நான் கறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்: பருப்பு, பூசணி, வாழைக்காய், காத்தோட்டிக்காய். பாயசத்தைத் தனிக் கோப்பையில் கொடுத்தோம். பருப்பில் மனைவி செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிக்கு ஒரு கணம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவைக்காக அல்ல, உடல் நிற்பதற்காக உண்கிறேன் என்று நினைத்துக்கொள்ளும் வழக்கம் அது என்று முன்பே சொல்லியிருந்தார். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். எதையும் ஒதுக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. நான் வாசலுக்கும் தடிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன். நிழல் கயிற்றில் ஏறுவதற்குச் சற்று முன் அவர் கையை எடுத்துவிட்டார். மயிரிழை என்று சொல்ல மாட்டேன். ஒரு நெல்மணி அளவு இடைவெளி இருந்தது.

கை கழுவிய பின் மனைவியிடம் கேட்டார்: "அம்மா, அந்தக் கசப்பு என்ன காய்?"

"காத்தோட்டிக்காய் சாமி. பிடிக்கேல்லையோ?"

"எங்களைப் போலத் துறவியளுக்கு நல்ல சாப்பாடு. திண்டா ஒருத்தருக்கும் ருசியில ஆசை வராது."

அக்கா வேலிக்கு அப்பால் நின்று சிரித்த சத்தம் கேட்டது.

பிறகு அவர் ஒரு தட்டையும் கிண்ணத்தையும் செம்புத் தண்ணீரையும் கேட்டு வாங்கி மனைவி முன்னால் வைத்தார். உண்டு முடித்த பின் கொடுத்த உணவின் புண்ணியத்தை இறந்தவருக்கு உரித்தாக்கும் வழக்கம் அவர்களுடையது. அவர் பாளியில் ஓதிக்கொண்டிருக்க, மனைவி செம்பைச் சரித்து, கிண்ணம் நிரம்பி வழியும்வரை மெல்ல ஊற்ற வேண்டும். மழை நீர் ஓடி ஓடிக் கடலை நிரப்புவதுபோல் இங்கே கொடுத்தது இறந்தவரைச் சேரட்டும் என்பது அந்த வரிகளின் பொருள் என்று பின்னர் சொன்னார். எள்ளும் தண்ணீரும் இறைப்பதைக் கண்டு வளர்ந்த மனைவிக்கு ஒருவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கிண்ணம் வழிந்து தட்டில் தண்ணீர் பரவியபோது, "அப்பா" என்று ஒருதரம் சொன்னா, அவ்வளவுதான். பிக்கு அந்தத் தண்ணீரை முற்றத்து மாமரத்தடியில் ஊற்றச் சொன்னார்.

போகும்போது தடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். நிழல் இப்போது கயிற்றின் மற்றப் பக்கத்தில் விழத் தொடங்கியிருந்தது.

"உங்கட வடக்கு என்ர வடக்கை விடச் சரியாய் இருக்கு" என்றார். "நாளைக்கு வந்து என்ர கயிறையும் மாத்தி விடுங்கோ."

அவர் குளக்கட்டில் ஏறிக் காட்டுக்குள் மறையும்வரை பார்த்துவிட்டு நாங்கள் விறாந்தையில் வந்து இருந்தோம். நான் சாப்பிட்டிருக்கலாம், விரதம் எனக்கில்லை. ஆனால் மனைவி பசியோடு இருக்க நான் எப்படிச் சாப்பிடுவது? அவ தூணில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது. பசிக்கிறதா என்று கேட்டேன். பசிக்கிறது, ஆனால் கதை ஒன்றும் இல்லை என்றா. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பிக்கு எனக்குச் சொன்னவற்றை நான் வீட்டில் வந்து சொல்லும்போது அவ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா என்று.

சோளகம் கொஞ்சம் அடங்கி, வெயில் மேற்குப் பக்கமாகச் சாய்ந்த பிறகு, காகம் வந்தது. காலையில் கம்பியில் இருந்து பார்த்ததா, வேறொன்றா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கூரையில் தத்தித் தத்தி வந்து, தலையைச் சரித்து இலையைப் பார்த்தது. முதலில் வடையைக் கொத்தியது. பிறகு சோறு, பிறகு பூசணிக்காய். காத்தோட்டிக்காயை அலகால் தள்ளித் தள்ளி இலையின் ஓரத்துக்குக் கொண்டுபோய், கீழே விழுத்தியது. அது என் காலடியில் வந்து விழுந்தது.

மனைவி வாய்விட்டுச் சிரித்தா.

"அப்பாதான். அவர் ஒருநாளும் அதைத் தொடமாட்டார். வாங்கோ, சாப்பிடுவம்."